மிதமான கேம் ஷாஃப்டுக்கு எவ்வளவு வலுவான வால்வு ஸ்பிரிங் வேண்டும்?

இங்கிலாந்தில் 1976-ஆம் ஆண்டு எம்ஜிபி கார் ஒன்றை வைத்திருக்கும் நண்பரின் கேள்வி இது. எஞ்சின் 18வி வகை, 1798 சிசி. வால்வுகளைத் திறக்கும் பழைய கேம் ஷாஃப்ட் தேய்ந்துபோனதால், அதற்குப் பதிலாக 270 டிகிரி (கிராங்க் அவ்வளவு சுழலும் வரை வால்வு திறந்திருக்கும்), 0.400 அங்குல வால்வு லிஃப்ட் (வால்வு திறக்கும் தூரம்) உள்ள மிதமான கேம் ஒன்றை வாங்கியிருக்கிறார். வால்வுகள் அமரும் சிலிண்டர் ஹெட்டில் இப்போது ஒற்றை ஸ்பிரிங்குகள் இருக்கின்றன, அவற்றின் வலு எவ்வளவு என்று தெரியாது. கடைக்காரர் இரண்டு செட் காட்டியிருக்கிறார்: ஒன்று, வால்வு மூடிய நிலையில் 95 பவுண்டும் முழு லிஃப்டில் 170 பவுண்டும் தரும் இரட்டை ஸ்பிரிங், மற்றொன்று, மூடிய நிலையில் 130, முழு லிஃப்டில் 240 தரும் ‘ரேஸ்’ ஸ்பிரிங். கேமை மாற்றினால் ரேஸ் ஸ்பிரிங்தான் போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். இருக்கும் ஸ்பிரிங்கே போதும் என்கிறார் உடன் கார் ஓட்டும் நண்பர். எந்தச் செட்டை வாங்குவது என்று கேள்வி எழுதப்பட்டிருந்தாலும், அவர் உண்மையில் அறிய விரும்புவது இந்தக் கேமை அடக்கி வைக்க எவ்வளவு விசை போதும், அந்த அளவைத் தாண்டினால் கெடுதல் உண்டா என்பதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பல ஆண்டுகள் ஹெட் வேலை செய்த பழக்கத்திலிருந்து எழுதுவதால், எது கணக்கு, எது பட்டறை அனுபவம் என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஐயமற்ற விஷயம். வால்வைத் திறப்பது கேம். ஆனால் திறந்த வால்வைக் கேமின் வடிவத்தை ஒட்டியே திரும்ப அழைத்து வருவது ஸ்பிரிங் மட்டுமே. 252 டிகிரி கால அளவுள்ள எம்ஜிபியின் பழைய கேமில், 6000 ஆர்பிஎம் வேகத்தில் ஒரு வால்வு திறந்து முழுமையாக மூடுவதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஏழு பங்கு. அதற்குள் வால்வு, ஸ்பிரிங்கை அதன் தண்டில் பிடிக்கும் தொப்பி, கேமின் மேல் உட்காரும் டாப்பெட், அதன் அசைவை மேலே கொண்டுபோகும் புஷ் ராடு, அந்த அசைவை வால்வுக்குத் திருப்பும் ராக்கர் எல்லாம் சேர்ந்து நகர்ந்து, நின்று, திரும்ப வேண்டும். கேமின் மூக்குப் பகுதியை, அதாவது அதன் உச்சியை, தாண்டும்போது இந்தக் கூட்டம் முழுவதும் தன் வேகத்தில் பறந்துபோகப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தத் தேவையான விசை எஞ்சின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 5500 ஆர்பிஎம்மில் போதுமான விசை 6500-இல் போதாது. அங்கே ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாக வேண்டும். விசை போதாமல் போனால் டாப்பெட் கேமை விட்டு எழும்பி, பிறகு எங்கோ ஓரிடத்தில் வந்து அடிக்கும், வால்வும் சீட்டில் விழுந்து துள்ளும். இதைத்தான் வால்வு ஃப்ளோட் என்கிறோம். ஆகவே ஸ்பிரிங்கைத் தீர்மானிக்கும் முதல் எண் லிஃப்ட் அல்ல. இந்த எஞ்சினை நீங்கள் எந்த வேகம் வரை கொண்டுபோவீர்கள் என்பதுதான்.

இரண்டாவது, லிஃப்ட் கூடினாலே ஸ்பிரிங்கும் கூட வேண்டும் என்ற எண்ணம். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எம்ஜிபியின் பழைய கேம் தரும் வால்வு லிஃப்ட் 0.3645 அங்குலம், அதாவது 9.25 மி.மீ. புதிய கேம் தருவது 0.400 அங்குலம், 10.16 மி.மீ. லிஃப்ட் ஏறத்தாழ 10 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க வால்வுக்குக் கிடைக்கும் கால அளவும் 252-இலிருந்து 270 டிகிரிக்கு ஏறியிருக்கிறது. ஒரே வேகத்தில் முடுக்கம் என்பது தூரத்துக்கு நேர்விகிதத்திலும் நேரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் மாறும் என்பதால், 1.10-ஐ 1.15-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அதாவது, இந்த மிதமான கேம் பழைய கேமைவிட வால்வைச் சராசரியாக முரட்டுத்தனமாக ஆட்டவில்லை. கூடுதல் தூரத்தைக் கூடுதல் நேரத்தில் கடக்க வைக்கிறது. மிதமான கேமுக்கு ரேஸ் ஸ்பிரிங் தேவையில்லை என்று நான் சொல்வதற்கு அடிப்படையான கணக்கு இதுதான்.

இந்தக் கணக்கின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 270 டிகிரி என்பதை எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அளந்தார்கள் என்பது கேம் அரைப்பவருக்கு அரைப்பவர் மாறுகிறது. ஒருவர் வால்வு சீட்டை விட்டு அசையும் கணத்திலிருந்து எண்ணுவார், இன்னொருவர் அது சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் எழும்பிய பிறகு எண்ணுவார். மேலும், கேம் அட்டையில் உள்ள லிஃப்டும் டிகிரியும் அந்த லோபின், அதாவது கேமில் வால்வைத் திறக்கும் மேட்டின், பக்கச் சரிவு எவ்வளவு செங்குத்தானது, மூக்கு எவ்வளவு கூர்மையானது என்பதைக் காட்டுவதில்லை. அண்மைக்காலத்தில் வரைந்த வடிவங்கள் சில, அதே லிஃப்டையும் அதே டிகிரியையும் வைத்துக்கொண்டே வால்வை வெகு வேகமாகத் தூக்குகின்றன. ஆகவே கேம் அரைத்தவர் ஓர் ஸ்பிரிங் விசையைப் பரிந்துரைத்திருந்தால் அதுவே முதல் ஆதாரம். என் கணக்கு அதற்கு அடுத்துதான். ஆனால் பரிந்துரை கேமை அரைத்தவரிடமிருந்து வர வேண்டும், அதை விற்கும் கடையிலிருந்து அல்ல.

வேகத்தின் பக்கம் வருவோம். 18வி சேர்ந்த பி-சீரிஸ் குடும்பத்தில், இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 88.9 மி.மீ.; போர் (சிலிண்டரின் விட்டம்) 80.26 தான். இவ்வளவு நீண்ட ஸ்ட்ரோக்கில் 6000 ஆர்பிஎம்மிலேயே பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 17.8 மீட்டர் ஆகிவிடுகிறது. 7000-இல் அது 20.7 மீட்டர். கிராங்க், ராடுகள், பிஸ்டன்கள் ஆகியவற்றைப் பிரித்துச் சமன் செய்யாத ஓர் எஞ்சினை அந்த வேகத்துக்குக் கொண்டுபோவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றரை அங்குல எஸ்யூ கார்புரேட்டர்கள் இரண்டும் தொழிற்சாலையில் வார்த்த துளைகளும் அப்படியே இருக்கும்போது, அந்த வேகத்தில் எஞ்சினுக்குப் போதுமான மூச்சும் கிடைக்காது. உங்கள் எஞ்சின் உருப்படியாக இழுக்கப்போவது சுமார் 5500 வரை. கியர் மாற்றும் அவசரத்தில் 6000-ஐத் தொடலாம். அதற்கு மேல் சில நூறு ஆர்பிஎம் பாதுகாப்பு இடைவெளி வைத்துக்கொண்டால் போதும். 7500-இல் வால்வைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங்கை இந்த எஞ்சினில் போட்டால், அதன் வலுவுக்கு வேலையே வராது. சுமையை மட்டும் கேம் நாள்தோறும் தாங்கிக்கொண்டிருக்கும்.

அந்தச் சுமை எங்கே, எப்போது விழுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ராக்கரின் விகிதம் ஏறத்தாழ 1.42 என்பதால், வால்வின் தலையில் ஸ்பிரிங் தரும் 170 பவுண்டு, மறுமுனையில் டாப்பெட்டின் அடியில் 241 பவுண்டாகிறது. ரேஸ் ஸ்பிரிங்கின் 240 பவுண்டோ அங்கே 341 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 155 கிலோ. கேமின் மூக்கும் டாப்பெட்டும் தொட்டுக்கொள்வது ஒரு மெல்லிய கோட்டில்தான்; இத்தனை எடையும் அந்தக் கோட்டின் மேல் அமர்கிறது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அதிவேகத்தில் வால்வுக் கூட்டத்தின் வேகம் ஸ்பிரிங்கை எதிர்த்து வெளியே தள்ளுவதால், மூக்கின் மீது விழும் சுமை உண்மையில் குறைந்துவிடுகிறது. ஸ்பிரிங்கின் முழு விசையும் மூக்கின் மேல் குறைவின்றி உட்காருவது ஐடிலில்தான். பந்தயத்தில் ஓடும் எஞ்சின் ஐடிலில் நிற்பது அபூர்வம், ஒவ்வொரு பருவத்துக்கும் கேமை மாற்றவும் செய்வார்கள். உங்கள் காரோ சிக்னலில் நிற்கும், ஊருக்குள் ஊர்ந்து போகும், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் சோக்கை இழுத்துக்கொண்டு சூடாகிக்கொண்டிருக்கும். இந்த மாதிரி ஓட்டத்துக்குத்தான் ரேஸ் ஸ்பிரிங் மிகவும் பொருந்தாதது.

கடைக்காரர் ஏன் பெரிய ஸ்பிரிங்கைச் சொல்கிறார் என்பதும் எனக்குப் புரிகிறது. ஸ்பிரிங் போதாமல் வால்வு துள்ளினால் வாடிக்கையாளர் மறு வாரமே வந்து நிற்பார். ஸ்பிரிங் அதிகமாகி லோப் தேய்ந்தால் அது வெளியே தெரிய இரண்டு ஆண்டுகள் ஆகும், அப்போது பழி எண்ணெயின் மீதோ கேமின் மீதோ போய்விடும். உடன் கார் ஓட்டும் நண்பர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. முந்தைய எம்ஜிபிகளில் தொழிற்சாலையே இரட்டை ஸ்பிரிங் வைத்து அனுப்பியது. அந்த ஸ்பிரிங்குகள் புதிதாக இருந்தால் இப்படிப்பட்ட ஒரு கேமைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். பின்னாளைய 18வி எஞ்சின்கள் ஒற்றை ஸ்பிரிங்குக்கு மாறின. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு உழைத்த ஒற்றை ஸ்பிரிங்கை, அது பழைய லிஃப்டைவிடக் கிட்டத்தட்ட ஒரு மி.மீ. கூடுதலாக அமுங்க வேண்டிய வேலைக்கு, அளந்து பார்க்காமல் விட்டுவைக்க நான் துணிய மாட்டேன். எனவே என் பரிந்துரை 95/170 இரட்டை ஸ்பிரிங். ஆனால் அது உங்கள் ஹெட்டில் சரியாக அமர்கிறதா என்று அளந்த பிறகே இந்தப் பரிந்துரை செல்லும்.

இரட்டை ஸ்பிரிங்கில் வெளிச்சுருளும் உட்சுருளும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டிருக்கும். ஒன்று உடைந்தால் அதன் துண்டு மற்றதன் சுருள்களுக்கு இடையில் திருகிக்கொண்டு நுழையாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. ஒன்று உடைந்தாலும் மற்றது வால்வைப் பிடித்து, அது சிலிண்டருக்குள் விழாமல் காப்பது கூடுதல் ஆதாயம். தவிர, ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் தானாக அதிரும் ஓர் இயல்பு வேகம் உண்டு. இரண்டுக்கும் அது வெவ்வேறாக இருப்பதால் ஒன்றின் அதிர்வை மற்றது ஓரளவு அடக்கும். ஒற்றையிலிருந்து இரட்டைக்குப் போகும்போது மேலே உள்ள தொப்பியையும் கீழே உள்ள கிண்ணத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். ஒற்றை ஸ்பிரிங்கின் தொப்பியில் உட்சுருள் உட்கார இடமிருக்காது. ஸ்பிரிங்கை மட்டும் வாங்கி வந்துவிட்டு, தொப்பிக்காக இன்னொரு வாரம் காத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செட்டில் என்னென்ன வருகிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தொப்பியை வால்வுத் தண்டில் பூட்டும் கொலெட்டுகளும் புதிதாக இருப்பது நல்லது.

இனி அளவுகள். முதலில் அறிய வேண்டியது பொருத்திய உயரம், அதாவது வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் இருக்க வேண்டிய நீளம். வால்வைச் சீட்டில் வைத்து, ஸ்பிரிங் இல்லாமல் தொப்பியையும் கொலெட்டையும் மட்டும் மாட்டி, தொப்பியை மேல்நோக்கி இறுக இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிண்ணத்தின் அடியிலிருந்து தொப்பியின் உட்பரப்பு வரை வெர்னியரால் அளக்க வேண்டும். எட்டு வால்வுகளையும் தனித்தனியே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஈயமில்லாப் பெட்ரோலுக்காக ஹெட்டில் கடின சீட் வளையங்கள் பொருத்தப்பட்டிருந்தால், அல்லது சீட் பலமுறை வெட்டப்பட்டிருந்தால், எட்டும் ஒரே அளவாக இருக்காது. வால்வு ஹெட்டுக்குள் ஒரு மி.மீ. அதிகமாகப் புதைந்திருந்தால் தண்டு மறுபக்கம் அதே ஒரு மி.மீ. மேலே வந்திருக்கும், ஸ்பிரிங் அந்த அளவு தளர்ந்திருக்கும். 95/170 ஸ்பிரிங் அங்குலத்துக்கு 187 பவுண்டு வீதம் இறுகுவது என்பதால், அந்த ஒரு மி.மீ. ஏழு பவுண்டுக்கு மேல் விழுங்கிவிடும். 95 என்று விற்ற ஸ்பிரிங் அந்த வால்வில் 88-தான் தரும். இதைச் சரிசெய்யக் கிண்ணத்தின் கீழே ஷிம் என்னும் மெல்லிய வளையத் தகடு வைக்கலாம். எட்டும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு, அரை மி.மீ.க்குள், வந்துவிட்டால் போதும்.

அடுத்தது சுருள் முட்டுதல். முழு லிஃப்டில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டு இரும்புக் குழாய் போல் ஆகிவிட்டால், புஷ் ராடு வளையும், ராக்கர் உடையும், அல்லது லோப் உரிந்துபோகும். முழு லிஃப்டுக்குப் பிறகும் குறைந்தது 1.5 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. எடுத்துக்காட்டுக்கு, வெளி ஸ்பிரிங்கின் பொருத்திய உயரம் 39.7 மி.மீ., வைஸில் வைத்து முழுவதும் நெருக்கியபோது அதன் நீளம் 27 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அமுங்கக் கிடைக்கும் தூரம் 12.7, தேவையானது 10.16-உம் 1.5-உம் சேர்ந்து 11.66. வெளி ஸ்பிரிங் தேறிவிட்டது. ஆனால் உள் ஸ்பிரிங் தொப்பியில் ஒரு படி கீழே அமர்கிறது. அதன் உயரம் 36.5 ஆகவும் முழுவதும் நெருக்கிய நீளம் 25.5 ஆகவும் இருந்தால், கிடைப்பது 11 மி.மீ. தான். கேமைச் சுற்றிப் பார்த்தால் எதுவும் முட்டாது, எல்லாம் சரி என்றே தோன்றும். ஆனால் மிச்சம் 1 மி.மீ.க்கும் குறைவு. இப்படிக் காலை வாருவது பெரும்பாலும் உள் ஸ்பிரிங்தான்; பெரும்பாலானவர்கள் வெளி ஸ்பிரிங்கை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். முன்பு வைத்த ஷிம்மும் இந்த மிச்சத்திலிருந்துதான் கழியும் என்பதால், இரண்டு கணக்கையும் சேர்த்தே போட வேண்டும்.

தொப்பியின் அடிப்பகுதிக்கும், வால்வுத் தண்டு நகரும் குழாயான வால்வு கைடின் உச்சிக்கும் இடையிலும் இதே 1.5 மி.மீ. விதி பொருந்தும். பழைய பி-சீரிஸ் ஹெட்டில் எண்ணெய் சீல் என்பது தண்டைச் சுற்றிய ஒரு ரப்பர் வளையம்தான். பின்னாளில் ஹெட் வேலை செய்தவர்கள் கைடின் தலையில் தொப்பி வடிவ சீல்களை மாட்டியிருப்பார்கள். அந்த சீலின் உயரம் சேர்ந்தால், பழைய லிஃப்டில் முட்டாத தொப்பி புதிய லிஃப்டில் சீலை நசுக்கும். எஞ்சின் இதனால் உடனே நின்றுவிடாது. சில வாரங்களில் நீலப் புகை வரும், காரணம் யாருக்கும் பிடிபடாது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஹெட் பலமுறை சீவப்பட்டிருந்தால் ஒழிய இந்த லிஃப்டில் அங்கே தொல்லை வருவது அரிது.

உண்மையான லிஃப்ட் எவ்வளவு என்பதையும் அட்டையை நம்பாமல் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பது நல்லது. அட்டையில் உள்ள 0.400 டாப்பெட் இடைவெளியைக் கழிக்காத எண்ணாக இருந்தால், 0.015 அங்குல இடைவெளி வைத்த பிறகு வால்வு உண்மையில் எழுவது 0.385 தான். ராக்கர்களும் தேய்ந்தவையாக இருந்தால் 1.42 என்ற விகிதம் முழுதாகக் கிடைக்காது. இவை எல்லாம் உங்களுக்குச் சாதகமான திசையில்தான் போகின்றன என்றாலும், இடைவெளிக் கணக்குகளை 0.400-க்கே போட்டுவைப்பது பாதுகாப்பு.

கடைக்காரர் சொன்ன 95-உம் 170-உம் உண்மையா என்று வீட்டிலேயே பார்க்கலாம். தரையில் நிற்கும் டிரில் மெஷினின் மேசையில், எடை பார்க்கும் வீட்டுத் தராசை வைத்து, அதன் மேல் தடித்த தகடு ஒன்றும் தகட்டின் மேல் ஸ்பிரிங் ஜோடியும் வையுங்கள். ஸ்பிரிங் நழுவிப் பறக்காமல் இருக்க, தகட்டில் பொருத்திய ஒரு போல்ட் அதன் நடுவே நிற்கட்டும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். அளக்கும்போது ஸ்பிரிங்கின் மேலே தொப்பியும் கீழே கிண்ணமும் இருக்க வேண்டும்; அப்போதுதான் உள் ஸ்பிரிங் தன் உண்மையான உயரத்தில் நிற்கும். டிரில்லின் தலையை இறக்கி, எடுத்துக்காட்டில் சொன்ன 39.7 மி.மீ. உயரத்துக்கு அமுக்கினால் தராசு 43 கிலோ அளவிலும், 29.5 மி.மீ. உயரத்தில் 77 கிலோ அளவிலும் காட்ட வேண்டும். தராசில் சில சதவீதப் பிழை இருக்கலாம். ஆனால் எட்டு ஜோடிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடவும், 95 பவுண்டு ஸ்பிரிங்கா 130 பவுண்டு ஸ்பிரிங்கா என்று தெரிந்துகொள்ளவும் இது தாராளமாகப் போதும். உங்கள் பழைய ஒற்றை ஸ்பிரிங்குகளையும் இதே முறையில் அளந்து பாருங்கள், நண்பருக்குப் பதில் சொல்ல உதவும். ஸ்பிரிங்கின் வெறும் நீளத்தைப் பார்த்து மட்டும் வலுவை முடிவு செய்யக்கூடாது. ஒரே நீளமுள்ள இரண்டு ஸ்பிரிங்குகள், கம்பியின் தடிமன் சற்று மாறினாலே, வேறு வேறு விசை தரும். துருக்குழி விழுந்த ஸ்பிரிங் எந்த எடை காட்டினாலும் தூக்கி எறியப்பட வேண்டியதே, ஏனெனில் முறிவு தொடங்குவது அந்தக் குழியிலிருந்துதான்.

நம் ஊர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இசுசு எஞ்சின் வருவதற்கு முன் அம்பாசடரில் இருந்த 1489 சிசி எஞ்சினும் இதே பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்த ஹெட்டுகளைப் பிரித்தால் ஸ்பிரிங்கின் கீழே கண்ட கண்ட வாஷர்கள் கிடக்கும். தளர்ந்த ஸ்பிரிங்குக்கு வாஷர் வைத்து உயிர் கொடுக்கும் வழக்கம் அது. தொழிற்சாலை லிஃப்டில் இடைவெளி தாராளமாக இருந்ததால் அது ஓடியது. அதே பழக்கத்தை லிஃப்ட் கூட்டிய கேமோடு சேர்த்தால் சுருள் முட்டும். ஷிம் என்பது உயரத்தைச் சமப்படுத்துவதற்கு. களைத்த ஸ்பிரிங்கைப் புதுப்பிப்பதற்கு அல்ல.

கருத்து வேறுபாடு உள்ள இடங்கள் சில. ஸ்பிரிங் முழு லிஃப்டில் முட்டும் நிலைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு அதன் அதிர்வு அடங்கும் என்று சொல்லி, மிச்ச இடைவெளியை வேண்டுமென்றே குறைத்து வைப்பவர்கள் உண்டு. பந்தய எஞ்சினில் இதில் பொருள் உண்டு. 6000-இல் நின்றுவிடும் எஞ்சினில் அந்த ஆதாயம் அளந்து காட்டும் அளவுக்கு இருக்கும் என்று நான் நம்பவில்லை. வலுவான ஸ்பிரிங் எஞ்சினின் சக்தியை உண்டுவிடும் என்பதும் அடிக்கடி சொல்லப்படுவது. அமுக்கும்போது வாங்கிய சக்தியில் பெரும்பகுதியை ஸ்பிரிங் மூடும்போது கேமுக்கே திருப்பித் தந்துவிடுகிறது. வீணாவது உராய்வில் போகும் பங்கு மட்டுமே. ஆகவே ரேஸ் ஸ்பிரிங்கை நான் மறுப்பது சக்தி இழப்புக்காக அல்ல, தேய்மானத்துக்காக. அந்தத் தேய்மானம் கேமில் மட்டும் நிற்பதில்லை. ராக்கர் ஷாஃப்டின் அடிப்பக்கம், ராக்கர் புஷ்கள், வால்வு சீட்டுகள் எல்லாவற்றிலும் பங்கு கேட்கும். மேலே குறுகிச் செல்லும் தேன்கூட்டு வடிவ ஸ்பிரிங், டைட்டேனியம் தொப்பி ஆகியவை எடையைக் குறைப்பது உண்மை. இந்தக் கேமுக்கு அவற்றில் பணத்தைப் போடுவதைவிட, அதே பணத்தில் ராக்கர் ஷாஃப்டைப் புதிதாக்கினால் பலன் கூடுதல்.

பொருத்தும்போது, சுருள்கள் ஒரு முனையில் மட்டும் நெருக்கமாக இருந்தால் அந்த முனை ஹெட்டின் பக்கம் இருக்கட்டும். அசையும் எடை அதனால் குறையும். புதிய கேமோடு எட்டு டாப்பெட்டுகளும் புதிதாகவே இருக்க வேண்டும், இதில் சிக்கனம் கூடாது. டாப்பெட்டின் அடிப்பரப்பு மிக லேசாகக் குவிந்தும் லோப் மிக லேசாகச் சரிந்தும் இருப்பதால்தான் டாப்பெட் சுழல்கிறது. பழைய கேமுக்குப் பழகிய டாப்பெட்டில் அந்தக் குவிவு போயிருக்கும், அது சுழலாமல் ஒரே கோட்டில் தேய்த்துப் புதிய லோபைக் கெடுத்துவிடும். லோபுகளுக்கும் டாப்பெட் அடிக்கும் மாலிப்டினம் பசையைத் தாராளமாகத் தடவுங்கள். எஞ்சின் உயிர்பெற்றவுடன் ஐடிலில் விடாமல், 2000-இலிருந்து 2500 ஆர்பிஎம்முக்குள் சற்று ஏற்றி இறக்கி இருபது நிமிடம் ஓட்டுங்கள். மூக்கின் சுமை ஐடிலில்தான் மிகுதி என்று முன்பு சொன்னது ஒரு காரணம். கிராங்க் சிதறவிடும் எண்ணெய் கேமை நன்றாக நனைப்பது அந்த வேகத்தில்தான் என்பது இன்னொன்று. ஆகவே பற்றவைக்கும் முன்பே இக்னிஷன் டைமிங், கார்புரேட்டரில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பத்து முறை செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தால் தடவிய பசை துடைத்துப்போகும். உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவைத்துக் கேமைப் பழக்கும் முறையும் உண்டு. 95 பவுண்டு ஸ்பிரிங்குக்கு அவ்வளவு தேவையில்லை. எண்ணெயைப் பொறுத்தவரை, கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் காப்பதற்காகப் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய தரங்களுக்குத்தான். எம்ஜிபிக்கு வழக்கமாக ஊற்றும் 20டபிள்யூ-50 அதற்குள் வராது. பழைய கார்களுக்கென்று விற்கும், துத்தநாகச் சேர்மம் நிறைந்த 20டபிள்யூ-50 ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் 500 மைலில் எண்ணெயை மாற்றும்போது எட்டு டாப்பெட் இடைவெளிகளையும் ஃபீலர் கேஜால் பார்த்து எழுதிவையுங்கள், 1000 மைலில் மறுபடியும் பாருங்கள். எல்லாம் சற்று நகர்ந்திருந்தால் அது படிமானம். ஒரே ஒரு வால்வின் இடைவெளி மட்டும் குறைந்துகொண்டே வந்தால் அந்த வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது. அங்கே பொருத்திய உயரமும் கூடியிருக்கும், ஸ்பிரிங் விசையும் குறைந்திருக்கும். ஒரே ஒரு வால்வின் இடைவெளி மட்டும் கூடிக்கொண்டே போனால் லோபோ டாப்பெட்டோ தேய்கிறது. அதை ராக்கர் திருகில் சரிசெய்துவிட்டு மேலும் ஓட்டாமல், ராக்கர் ஷாஃப்டையும் அந்தப் புஷ் ராடையும் எடுத்துவிட்டு, பிளாக்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அந்த டாப்பெட்டை வெளியே எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் குழி விழுந்தோ ஒரு கோடு பதிந்தோ இருந்தால் அந்த லோபும் போய்விட்டது, கேம் மறுபடி வெளியே வர வேண்டியதுதான்.